சென்னைப் புழுதியில் பால்கனி குஷன்: வாங்குவது முதல் துவைப்பது வரை

வெறும் புழுதி என்றால் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். சென்னையில் அதோடு கடற்காற்றின் ஈரம், போர் தண்ணீரின் உப்பு, தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. மெட்ரோ வேலையோ அடுக்குமாடிக் கட்டுமானமோ நடக்கும் தெருவாக இருந்தால் சிமென்ட் தூளும் உண்டு. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல். குஷனைப் பாழாக்குவது இந்தக் கலவைதான். அழுக்கே படாத துணி என்று ஒன்று கிடையாது. யாராவது அப்படிச் சொல்லி விற்றால் கடையை மாற்றுங்கள். சுலபமாகக் கழற்றி, துவைத்து, ஒரே நாளில் காயவைக்க முடிகிற குஷன்தான் இங்கே நல்ல குஷன். கீழே வரும் எல்லாத் தேர்வுகளும் அந்தக் கணக்கில்தான்.

1. முதலில் இடத்தைப் பாருங்கள்

குஷன் வரப்போகும் இடத்தில் காலை ஒரு தடவை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தடவை நின்று பாருங்கள். நேர் வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது? மேல் வீட்டு ஏசி தண்ணீர் சொட்டுகிறதா? புறா உட்கார வாகான கம்பி தலைக்கு மேலே இருக்கிறதா? புறா வரும் இடத்தில் வலை அடிக்காமல் குஷன் வாங்குவது வீண்செலவு.

கிழக்கு, வடக்குப் பார்த்த பால்கனியில் ஐப்பசி, கார்த்திகைச் சாரல் உள்சுவர் வரைக்கும் வரும். மேற்குப் பார்த்தது என்றால் மாலை வெயிலும் ஆடிக்காற்றுப் புழுதியும். கூரை நன்றாக நீண்ட திண்ணை, போர்ட்டிகோ என்றால் கவலை பாதி. கூரையே இல்லாத மொட்டை மாடியில் குஷனை நிரந்தரமாகப் போட்டு வைக்காதீர்கள். அங்கே வயர் நாற்காலி போதும். உட்காரும்போது கையில் எடுத்துப்போக 2 அங்குலக் குஷன் இரண்டு வைத்துக்கொள்ளலாம்.

இரும்பு நாற்காலியாக இருந்தால் துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் காய்ந்த பிறகுதான் குஷன். இல்லாவிட்டால் முதல் மழைக்காலத்திலேயே குஷனின் அடிப்பக்கம் காவி நிறத்தில் கோடு கோடாகும்.

2. அளவு: 20 வேண்டாம், 18 கேளுங்கள்

இருக்கையின் முன் அகலம், பின் அகலம், ஆழம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். பிரம்பு நாற்காலிகள் பின்னால் குறுகும். முன் அளவை மட்டும் கொடுத்தால் குஷன் பின்புறம் மடங்கி நிற்கும். பழைய செய்தித்தாளில் வடிவத்தை வெட்டி, நாற்காலியில் வைத்துப் பார்த்து, அந்தக் காகிதத்தையே தையல்காரரிடம் கொடுப்பது எல்லாவற்றையும்விடப் பத்திரம்.

செலவு ஏறுவதும் இறங்குவதும் இந்த இடத்தில்தான். ஃபோம் பெரும்பாலும் 6×3 அடி ஷீட்டாக வருகிறது, அதாவது 72×36 அங்குலம். இதில் 18×18 அங்குலத் துண்டு எட்டு கிடைக்கும், துளி வீணாகாது. அதையே 20×20 என்று கேட்டால் மூன்றுதான் கிடைக்கும்; பக்கத்தில் 16 அங்குலப் பட்டை மிஞ்சும். அந்த மிச்சத்துக்கும் காசு கொடுப்பது நீங்கள்தான். நாற்காலி 19, 20 அங்குலம் இருந்தாலும் 18 அங்குலக் குஷன் அசிங்கமாகத் தெரியாது.

துணிக்கணக்கும் போட்டுவிடலாம். சோஃபாத் துணி 54 அங்குல அகலத்தில் வரும். 18 அங்குலச் சதுரம், 3 அங்குலக் கனம் உள்ள குஷனுக்கு மேல், கீழ், பக்கப்பட்டை, தையலுக்கு விடும் அரை அங்குலம் எல்லாம் சேர்த்து அரை மீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். நான்கு குஷனுக்கு இரண்டரை மீட்டர் எடுத்தால் ஒட்டுப்போட ஒரு துண்டும் மிஞ்சும். நான்குக்கு நாலு மீட்டர் என்று சொன்னால் தாளில் வெட்டு வரைந்து காட்டச் சொல்லுங்கள். கோடு, பூ டிசைனைப் பொருத்தித் தைப்பதற்கு மட்டும் கூடுதலாகக் கேட்பது நியாயம்.

ஊஞ்சலுக்குத் தைக்கும்போது பலகை நீளத்துக்கு ஒரே குஷன் வேண்டாம். இரண்டு மூன்று துண்டாகப் பிரித்தால்தான் உறை பக்கெட்டில் அடங்கும். சங்கிலிப் பக்கம் இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள். சங்கிலிக்குப் போடும் எண்ணெய் துணியில் பட்டால் போகாது. தேக்குப் பலகையில் குஷன் வழுக்கும் என்பதால் அடியில் ரப்பர் வலைவிரிப்பு ஒன்று.

3. ஃபோம்: எடை போட்டு வாங்குங்கள்

கடையில் “சாஃப்டா, ஹார்டா” என்று கேட்பார்கள். நீங்கள் டென்சிட்டியைக் கேளுங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். முதுகுச் சாய்வுக்கு 28 போதும். உட்காருவதற்கு 32, தினமும் பெரியவர்கள் உட்காரும் இடத்துக்கு 40. அதற்குக் கீழே போனால் சில மாதங்களில் நடுவில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் புழுதியும் தண்ணீரும் தங்கும்.

டென்சிட்டி எண் பெரும்பாலும் ஷீட்டிலேயே அச்சாகியிருக்கும். வெட்டிய பிறகு அது தெரியாது, ஆகவே வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே வெட்டிய துண்டு என்றால் சமையலறைத் தராசு காட்டிக்கொடுக்கும். 18×18×3 அங்குலத் துண்டு 32 டென்சிட்டியில் சுமார் 510 கிராம், 40-இல் சுமார் 640 கிராம் இருக்க வேண்டும். 400 கிராம்தான் நிற்கிறது என்றால் அது 25 டென்சிட்டிச் சரக்கு.

எடை சரியாக இருந்தும் ஏமாறலாம். எடை கூட்டுவதற்காகச் சுண்ணாம்புத் தூள் கலந்த ஃபோம் சந்தையில் உண்டு. வெட்டிய ஓரத்தை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாகப் பவுடர் உதிர்ந்தால் வேண்டாம். பல நிறத் துணுக்குகளை ஒட்டிச் செய்த ரீபாண்டட் ஃபோம் வீட்டுக்குள் சோஃபாவுக்கு நல்லது, ஆனால் வெளியே வைத்தால் நனைந்த பிறகு காயவே காயாது. மலிவாக முடிக்க நடுவில் வெள்ளை பேக்கிங் ஷீட் வைத்துத் தைப்பதும் நடக்கிறது. அது தண்ணீர் குடிக்காது என்பது உண்மை, கொஞ்ச நாளில் அப்பளமாகிவிடும் என்பதும் உண்மை.

சாரல் கட்டாயம் அடிக்கும் இடத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிய துளைகள் கொண்ட, தண்ணீர் வடியும் ஃபோம் இருக்கிறது. மேலே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் உடனே அடியில் கொட்டும். சாதாரண ஃபோமைவிட விலை பலமடங்கு. கூரை உள்ள இடத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை.

இலவம்பஞ்சு வெளியே ஆகாது. ஒருமுறை ஈரமானால் கட்டி தட்டி வாடை வரும். முதுகுத் தலையணைக்கு ரெக்ரான் என்னும் பாலியெஸ்டர் பஞ்சு பரவாயில்லை.

4. துணி

கடைக்காரர் மூன்று வகை காட்டுவார். ரெக்சின் துடைக்கச் சுலபம்தான். ஆனால் சித்திரை வெயிலில் தொடை வெந்துபோகும், வியர்வை ஒட்டும், இரண்டாவது கோடையில் மேற்பூச்சு வெடித்து உரியும். அடுத்தது, உள்பக்கம் தண்ணீர் தடுக்கும் பூச்சு கொடுத்த பாலியெஸ்டர். மீட்டருக்கு நூறுகளில் முடியும். கூரை உள்ள பால்கனிக்கு இதுவே போதும் என்பதுதான் எங்கள் கருத்து. மூன்றாவது, நூலாக இழுக்கும்போதே சாயம் கலந்த அக்ரிலிக். சன்பிரெல்லா போன்றவை இந்த ரகம். மீட்டருக்கு ஆயிரங்களில் பேசும். நாள் முழுக்க நேர் வெயில் படும் இடத்துக்கு மட்டும் இந்தப் பணம் வீணில்லை, ஏனென்றால் இதில் சாயம் இழையின் மேலே மட்டுமல்லாமல் உள்ளேயும் இருக்கிறது. பாரிமுனை கோடவுன் தெருவில் துணி மலிவு என்று ஓடாதீர்கள். அங்கே பெரும்பாலும் உடுப்புத் துணி. சோஃபாத் துணி விற்கும் கடையில் கேளுங்கள்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இவை. துணியைத் திருப்பிப் பாருங்கள்: முன்பக்கம் அடர்நிறம், பின்பக்கம் வெளுப்பு என்றால் அச்சடித்த துணி, சீக்கிரம் மங்கும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் இருபது முறை தேயுங்கள். சாயம் ஒட்டக் கூடாது. ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் மேல்பக்கமும் நீர் விலக்கும் பூச்சு இருக்கிறது. ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்தினால் பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகும், பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பருத்தி கலந்தது வெளியே வேண்டாம், பூஞ்சைக்கு அது சாப்பாடு.

நெசவு நெருக்கமாகவும் வழவழப்பாகவும் இருக்கட்டும். வெல்வெட், ஷெனில், சுருள் நூல் எதுவானாலும் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நடுவில் பட்டன் வைத்துக் குழித்த டிசைனும் அப்படித்தான். நிறத்தில் ஒரு தந்திரம்: வெள்ளையில் அழுக்கு தெரியும், கறுப்பில் புழுதி அதைவிட நன்றாகத் தெரியும். மண் நிறம், சாம்பல் நிறத்தில் இரண்டு மூன்று சாயல் நூல் கலந்து நெய்த துணி ஒரு வாரப் புழுதியை மறைத்துவிடும்.

5. தையல்காரரிடம் சொல்ல வேண்டியவை

துணி கிழிவதற்கு முன்னால் தையல் விடும். சட்டை தைக்கும் நூல் வெயிலில் இற்றுப்போகும். பை, தார்ப்பாய் தைக்கும் தடித்த பாலியெஸ்டர் நூல் என்று கேளுங்கள். நைலான் நூலும் கெட்டிதான், ஆனால் வெயிலைத் தாங்குவதில் பாலியெஸ்டருக்குப் பின்னால்தான்.

உலோக ஜிப் கடற்கரைப் பக்கம், பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை போன்ற இடங்களில் உப்புக்காற்றில் துருப்பிடித்து அப்படியே நின்றுவிடும். பல் பிளாஸ்டிக்கில் உள்ளதைப் போடச் சொல்லுங்கள். ஜிப்பின் நீளம் முக்கியம்: பின்பக்கம் 18 அங்குலம் என்றால் ஜிப் அதோடு நிற்காமல் இரண்டு மூலையிலும் மூன்று அங்குலம் திரும்ப வேண்டும், ஆக 24. இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை ஃபோமை நுழைக்கும்போதும் மூலையில் துணி கிழியும். ஜிப்பே வேண்டாம், தைத்து மூடிவிடுகிறேன் என்பவரிடம் தைக்கக் கொடுக்காதீர்கள்.

ஓரத்தில் கயிறு வைத்துத் தைக்கும் பைப்பிங் பார்க்க அழகு. ஆனால் அதன் இடுக்கில்தான் புழுதி தங்கும், துணியும் கூடுதலாக ஆகும். சாதாரண மடிப்புத் தையல் போதும். வெல்க்ரோவும் வேண்டாம், பஞ்சும் முடியும் சேர்ந்து சீக்கிரமே பிடிப்பு போய்விடும். கட்டுவதற்கு ஓர் அங்குல நாடா, பின் மூலைகளில் இரண்டிரண்டு.

உறை ஃபோமைவிட அரை அங்குலம் சின்னதாக இருந்தால் சுருக்கமில்லாமல் நிற்கும். சுருக்கம் விழுந்தால் அந்தக் கோட்டில் அழுக்கு படியும். சாரல் வரும் இடமானால் அடிப்பக்கத்துக்கு வலைத்துணி போடச் சொல்லுங்கள், தண்ணீர் இறங்கும். “ஃபோமுக்குப் பிளாஸ்டிக் சுற்றித் தருகிறேன், நனையவே நனையாது” என்றால் மறுத்துவிடுங்கள். ஊசித் துளை வழியாக உள்ளே போன ஈரம் வெளியேற வழியிருக்காது; பூஞ்சை வாடை அங்கிருந்துதான் தொடங்கும். பிளாஸ்டிக்குக்குப் பதில் மெல்லிய நான்-ஓவன் (நெய்யாத துணி) உள்ளுறை. உறையைக் கழற்றவும் மாட்டவும் அது வழுக்கிக் கொடுக்கும்.

6. பில், சீட்டு, நாள்

துணிக் கடை பில்லில் துணியின் ஆர்ட்டிகிள் எண், ஷேடு எண் இரண்டும் இருக்க வேண்டும். அடுத்த வருடம் ஒரு குஷனுக்கு மட்டும் துணி தேவைப்பட்டால் அந்த எண் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. அப்போதும் வேறு சாயத்தொகுதி வந்தால் நிறம் சற்று மாறும் என்பதால்தான் மிச்சத் துண்டைப் பத்திரப்படுத்தச் சொல்வது. ஃபோம் கம்பெனி வாரன்டி அட்டையை நம்பி வாங்காதீர்கள்; அது பெரும்பாலும் முழு மெத்தைக்கு, வெட்டிய துண்டுக்கல்ல. கடைக்காரரிடமே கேட்டு, தருகிற உறுதியைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

தையல்காரரின் சீட்டில் அளவு, எண்ணிக்கை, டென்சிட்டி, ஜிப் நீளம், நூல், தேதி எல்லாம் எழுதியிருக்கட்டும். கூலியில் ஜிப், நாடா, உள்ளுறை அடக்கமா என்று முதலிலேயே கேளுங்கள்; “பீஸ் ரேட்” என்று சொல்லிவிட்டு இவற்றைக் கடைசியில் தனியாகச் சேர்ப்பது வழக்கமான தகராறு. முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். நான்கும் ஒன்றாகத் தைக்கும் முன் ஒன்றைத் தைத்து வாங்கி, நாற்காலியில் வைத்துப் பார்த்துவிட்டு மற்றதற்குச் சரி சொல்லுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய மாதமும் பொங்கலுக்கு முந்தைய வாரங்களும் சோஃபா வேலைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மாசி, பங்குனியில் கொடுத்தால் வேலையும் நிதானமாக நடக்கும், பேரமும் படியும்.

7. வாரம் ஒருமுறை: ஈரத்துணியைக் கையில் எடுக்காதீர்கள்

குஷனைக் கெடுப்பதில் முதலிடம் புழுதியின் மேல் ஈரத்துணி போடுவதற்குத்தான். புழுதி அந்த நொடியே சேறாகி நெசவுக்குள் இறங்கும். சிமென்ட் தூளாக இருந்தால் இறுகியும் விடும். வரிசை இது:

குஷனை எடுத்துக் கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கமாக, கீழ்வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்துவிட்டு, ஒன்றோடொன்று தட்டுங்கள். பிரம்பால் ஓங்கி அடிக்க வேண்டாம். பூச்சு விரிசல் விடும். பிறகு மென்மையான பிரஷ், அல்லது பிரஷ் மாட்டிய வேக்யூம் கிளீனர். தையல் இடுக்குகளில் பழைய டூத் பிரஷ். குஷனைத் திரும்ப வைப்பதற்கு முன் நாற்காலிச் சட்டத்தையும் கம்பியையும் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த அழுக்கு அடிப்பக்கத்தில் ஏறும். இதெல்லாம் முடிந்த பிறகு, தேவையானால் மட்டும், பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரு துடைப்பு. அடியில் வலைத்துணி போடாத குஷன் என்றால் வைக்கும்போது திருப்பி வையுங்கள். இரண்டு பக்கமும் சமமாக வெளுக்கும்.

8. கறைகள்

எண்ணெய்: முதுகுக் குஷனின் மேல்பகுதியில் வட்டமாகக் கறுப்பு படிவது தலை எண்ணெய், புழுதி அதில் ஒட்டுகிறது. முகப்பவுடரோ சோளமாவோ தூவி ஒரு மணி நேரம் விட்டுத் தட்டுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு, கொஞ்சம் தண்ணீர், ஓரத்திலிருந்து நடுவுக்குத் தேய்க்க வேண்டும். சாய்வின் மேல் சின்னத் துண்டு ஒன்றைப் போட்டு வைத்தால் இந்த வேலையே மிச்சம்.

காக்கை, புறா எச்சம்: ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் பரவும். காய்ந்த பிறகு சுரண்டினால் தூள் பறக்கும், புறா எச்சத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசம் போட்டு, காய்ந்ததன் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, பழைய அட்டையால் வழித்தெடுங்கள். அப்புறம் சோப்பு நீர்.

கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை: வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தடவி அரைமணி விட்டு, பிரஷ் போட்டு, அலசி, அன்று மட்டும் நேர் வெயிலில் வையுங்கள். இதோடு பிளீச்சிங் பவுடரோ டாய்லெட் கிளீனரோ சேர்த்துவிடாதீர்கள்; பிளீச்சிங்கோடு வினிகரோ அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கு ஆபத்து.

துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும், ஒரு மணி நேரம். ஆனால் முதலில் உள்பக்கம் சோதித்துவிட்டு.

9. துவைக்கும் நாள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். கட்டுமானம் நடக்கும் தெருவென்றால் இரண்டு மாதம். வானம் தெளிந்த நாளில் காலையிலேயே தொடங்குங்கள். உறையை உள்பக்கம் வெளியே திருப்பி உதறி, ஜிப்பை மூடி, 10 லிட்டர் பச்சைத்தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி லிக்விட் டிடர்ஜென்ட் கலந்து அரைமணி ஊறவையுங்கள். சோப்புத்தூள் போர் தண்ணீரில் சரியாகக் கரையாமல் இழையில் தங்கும். சுடுதண்ணீர் பூச்சைக் கெடுக்கும். கம்ஃபர்ட் போன்ற மென்மையாக்கிகள் தண்ணீர் ஒட்டாத தன்மையை அழித்துவிடும். வாசனைக்காகக்கூட ஊற்ற வேண்டாம்.

வேளச்சேரி, ஓ.எம்.ஆர் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் போர் அல்லது லாரித் தண்ணீர். அதில் கடைசி அலசலையும் முடித்தால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு தெரியும். பலர் அதைச் சோப்பு என்று நினைத்து மறுபடி அதே தண்ணீரில் அலசுகிறார்கள், கோடு இன்னும் தடிக்கும். கடைசி அலசல் மட்டும் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரிலோ பிடித்துவைத்த மழைநீரிலோ இருக்கட்டும். ஒரு பக்கெட்டுக்குக் கால் டம்ளர் வெள்ளை வினிகரும் சேர்க்கலாம். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை மிச்சப்படுத்துகிறோம் என்று இதற்கு எடுக்காதீர்கள். உப்பெல்லாம் ஒதுங்கியிருப்பது அதில்தான்.

முறுக்கிப் பிழியாமல் தண்ணீர் சொட்டச் சொட்டக் காற்றோட்டமான நிழலில், உள்பக்கம் வெளியே இருக்கும்படி கொடியில் போடுங்கள். ஃபோமை ஒவ்வொரு தடவையும் துவைக்கத் தேவையில்லை. உறை கழற்றிய நாளில் வேக்யூம் போட்டுக் காற்றாட வைத்தால் போதும். நனைந்தே தீரும் என்றால் சோப்புத் தண்ணீரில் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி எடுங்கள், முறுக்கினால் கிழியும். காயவைக்கும்போது படுக்கப்போடாமல் ஒரு மூலை கீழே வரும்படி சாய்த்து நிறுத்துங்கள், தண்ணீர் எல்லாம் அந்த மூலைக்கு வந்து சொட்டும். மே மாதத்தில் ஒரு நாள், மழைக்காலத்தில் ஃபேன் காற்றோடு மூன்று நாள்கூட ஆகும். தொட்டால் காய்ந்தது போலிருக்கும், நடுவில் ஈரம் இருக்கும்: காகித நாப்கினை வைத்து முழு எடையோடு அழுத்திப் பாருங்கள். காகிதம் நனையாவிட்டால் உறையைப் போடலாம்.

துவைத்த பிறகு தண்ணீர் முத்தாக நிற்கவில்லை என்றால் மேல்பக்கத்து நீர் விலக்கும் பூச்சு போய்விட்டது. துணிகளுக்கான நீர் விலக்கும் ஸ்ப்ரேயை நன்றாகக் காய்ந்த உறையில் மெல்லியதாக இரண்டு தடவை அடித்து ஒரு நாள் ஆறவிடுங்கள்.

10. உள்ளே எடுத்துவைக்கும் நாட்கள்

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது குஷன் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும், துவைத்துக் காய்ந்த நிலையில். இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் அடைக்காமல் பழைய பருத்திப் போர்வையில் சுற்றி, பரணில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். எலி வரும் பரண் என்றால் அலமாரிதான். ஃபோம் எலிக்கு மிகவும் பிடித்த வீடு.

தீபாவளி இரவும் போகி அதிகாலையும் தனி. அந்தப் புகைக்கரி பிசுக்கு உள்ளது, பிரஷ் போட்டால் இழுபடும். முந்தைய மாலையே உள்ளே எடுத்துவிடுங்கள். மறந்து கரி படிந்தால் தட்டி, வேக்யூமை மேலே தொடாமல் பிடித்து உறிஞ்சி, பிறகு உறையைக் கழற்றி நேராகச் சோப்பு நீரில் போடுங்கள்.

11. மாற்றும் நேரம்

உறையும் ஃபோமும் ஒன்றாகக் கெடுவதில்லை. கையால் நடுவில் அழுத்திவிட்டு எடுங்கள். பத்து எண்ணுவதற்குள் ஃபோம் நிமிராவிட்டால் ஃபோமை மட்டும் மாற்றலாம், பழைய உறையே போதும். தையல் விட்டு துணி நன்றாக இருந்தால் தடித்த நூலில் மறுதையல் போட்டால் முடிந்தது. துணியை நகத்தால் கீறும்போது இழை பொடியாக உதிர்ந்தால் வெயில் தின்றுவிட்டது. அதற்கு ஒட்டு நிற்காது, புது உறைதான். துவைத்து வெயிலில் வைத்த பிறகும் ஃபோமில் வாடை வந்தால் ஸ்ப்ரே அடித்து மறைக்காமல் தூக்கிப் போடுங்கள், அதே நாளில் உறையையும் வினிகர் நீரில் ஊறவைத்துத் துவைத்துவிடுங்கள். புது ஃபோம் வாங்கப் போகும்போது பழைய துண்டையும் கையோடு கொண்டுபோனால் அளவு சொல்வதில் குழப்பம் வராது.